திருத்திச் சொல்லுங்க

ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். சவரம் செய்தான். சட்டையை இஸ்திரி போட்டான். படுக்கையறைக் கதவுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மனைவி போன இந்த நாற்பது நாளும் கூடத்து சோபாவில்தான் படுக்கை.

அலமாரியில் அவளுடைய வாக்கிடாக்கி சார்ஜர். கருவியை போலீஸ் இலாகா வாங்கிக்கொண்டு போனது, இதை மறந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார்.

போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் எட்டு வருடம் அவசர அழைப்புகளை எடுத்தவள் அவள். சாகிறவர்களின் குரல் காதிலேயே தங்கிப்போய், தூக்கத்தில் அலற ஆரம்பித்தாள். வேலையால் வந்த நோய் என்று அவள் கொடுத்த மனு, 'குடும்பப் பிரச்சினை' என்று இரண்டு முறை திரும்பி வந்தது. அவளைக் கொன்றது வேலைதான் என்று இப்போது கணவன் மனு கொடுத்திருந்தான்.

"உயிரோட இருக்கறவனுக்கே எங்க ஆளுங்க லீவு தர மாட்டாங்க சார். செத்தவங்களுக்கு நான் மல்லுக்கட்டணும்," என்று சிரித்தார் அதிகாரி. "கடைசியா என்ன சொன்னாங்க? அந்த ஒரு வரியிலதான் கேஸே நிக்குது."

"'இந்த வேலைதான் என்னைக் கொல்லுது'ன்னு சொன்னா."

எழுதினார்.

காலிச் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

கரகரப்பு. பிறகு அவள் குரல். நிதானமான வேலைநேரக் குரல்.

"தகவல் தப்பு. திருத்திச் சொல்லுங்க."

அதிகாரியின் பேனா நின்றது. ரோந்து வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம் அது. சரியான தகவல் வரும்வரை அவள் யாரையும் விட்டதில்லை.

"நம்ம... கன்ட்ரோல் மேடம் குரல்தானே?"

"பழைய பதிவா இருக்கும் சார்."

"திருத்திச் சொல்லுங்க."

படுக்கையறைக் கதவின் உட்புறம் நகங்கள் கீறின.

அன்றும் இப்படித்தான் கீறின. அவள் அலறலில் தன் தூக்கம் கெடுகிறதென்று அவளை உள்ளே தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தான். நன்றாகத் தூங்கினான். காலையில் திறந்தபோது கதவடியில் விறைத்துக் கிடந்தாள்.

அதிகாரி பேயடித்தவர்போல வாசலுக்கு ஓடினார். அவன் பின்னால் ஓடினான்.

வாசற்கதவு அவன் முகத்துக்கு நேரே அறைந்து மூடியது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"சார், நான் பூட்டல! சத்தியமா நான் இல்ல சார்!" அதிகாரியின் குரல் தெருவில் தேய்ந்தது.

முதுகுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்தது.

"திருத்திச் சொல்லுங்க." இப்போது சார்ஜரிலிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்தில்.

வாசற்கதவில் தன் நகம் பதிய, அவள் கடைசியாகச் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் சொன்னான்.

"தாழ்ப்பாளை எடுங்க. இனிமே கத்த மாட்டேன்."