துணி சுற்றிய லென்ஸ்

என் தங்கை ரூபினியைக் கட்டியவன் சுகுமாரன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கமாட்டான். வாய் மட்டும் வங்காள விரிகுடா. சென்ற ஆண்டு திடீரென்று கலைஞனாகிவிட்டான். துருத்தி வைத்த பழைய மரப்பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கினான். லூனாஸ் டவுனில் மூடப்போகும் ஒரு ஸ்டுடியோவில் அதற்குப் பித்தளை லென்ஸ் ஒன்றையும் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், நூறு வருஷத்து சாமான்லா. நீங்கதான் கேமராவுல மாட்டிக் கொடுக்கணும்."

நான் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இருபது ஆண்டாக லேத் ஓட்டுகிறவன். மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். அந்த லென்ஸைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருகும் மரையின் மேல் பழுப்பேறிய துணிக் கீற்று ஒன்றை இறுகச் சுற்றி, இரண்டு முடிச்சும் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஸ்டுடியோக்கார காளிதாசன் அண்ணன் அந்தத் துணிய மட்டும் அவுக்க வேணாம்னாரு, மச்சான்."

"துணி சுத்தி லென்ஸ் மாட்டுறவன்லாம் ஸ்டுடியோ வச்சிருக்கான். தூ!"

பிளேடால் ஒரே கீறு. பழைய சாம்பிராணி வாசம் குப்பென்று அடித்தது. மறுநாள் தொழிற்சாலையில் அந்தத் துணியாலேயே கை எண்ணெயைத் துடைத்துவிட்டு, எரிக்கப்போகிற அழுக்குத் துணிகளோடு எறிந்தேன். பித்தளையில் புது வளையம் கடைந்து, கேமராவின் முன்பலகையில் ஓர் இம்மி இடைவெளி இல்லாமல் லென்ஸைப் பொருத்தினேன். எனக்கே என் வேலை மேல் பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணி. ரூபினிக்கு எட்டாம் மாதம். ஏழு வருடம் கோயில் கோயிலாக அலைந்து கிடைத்த பிள்ளை. படம் எடுக்கவென்று சுகுமாரன் அவளைக் கொண்டுபோய், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே பாழடைந்து கிடக்கும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். பின்னணி நன்றாக இருக்கிறதாம். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பிணம் கிடந்த வார்டில் உட்கார வைக்கிறவனை எதால் அடிப்பது!

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன் வெளியே வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"மச்சான், நீங்க பாருங்க."

நான் துணிக்குள் நுழைந்தேன். உள்ளே இருட்டு. எதிரே மங்கல் கண்ணாடி. அதில் எல்லாமே தலைகீழாகத்தான் விழும். கூரை கீழே கிடந்தது. ரூபினி தலைகீழாகத் தொங்கினாள்.

அவளுக்குப் பின்னால் ஒருத்தி.

அவள் நேராக நின்றாள்.

தலையை வெளியே எடுத்தேன். ரூபினிக்குப் பின்னால் வெறும் சுவர்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. அசையாத."

வெளியே நிற்கிற எவரும் இந்தக் கண்ணாடியில் தலைகீழாகத்தான் தெரிய வேண்டும். நேராகத் தெரிகிறவள் வெளியே நிற்கவில்லை.

நான் பார்த்துப் பார்த்து மூடிய பெட்டிக்குள் நிற்கிறாள்.

மறுபடி குனிந்தேன். சாம்பிராணி வாசம். அவள் நடந்துகொண்டிருந்தாள். வெகுநாள் மரத்துப்போன கால்களை முதலில் ஒன்றாகச் சேர்த்து, பிறகு ஒன்றை மட்டும் இழுத்து வைக்கிற நடை.

ஓர் அடி.

இன்னோர் அடி.

அவள் கை ரூபினியின் வயிற்றைத் தொட்டது.

"அண்ணே," வெளியே ரூபினி முனகினாள். "வயிறு ஜில்லுன்னு இருக்குண்ணே."

லென்ஸைப் பலகையோடு பிடுங்கி எறிந்தேன்.

சுகுமாரனிடம் நம்பர் வாங்கி, அங்கிருந்தே காளிதாசனுக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"துணி இருக்கா தம்பி?"

"எரிச்சாச்சு."

காளிதாசன் மெல்லச் சொன்னார்.

"எங்கப்பா பொணப் படம் எடுத்த லென்ஸ் அது. பிரசவத்துல செத்தவ ஒருத்தி, பிள்ளையும் தங்கல. படம் எடுத்த நாள்லேருந்து அவ அந்தக் கண்ணாடிய விட்டுப் போகல. பொணத்துக்குக் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவோம்ல, அவளுக்குக் கட்டுன அந்தத் துணியத்தான் அப்பா லென்ஸுல சுத்துனாரு. நடக்காம இருக்கட்டும்னு."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா சிரிச்சிருப்பீங்க தம்பி."

சிரித்திருப்பேன். காறித் துப்பியும் இருப்பேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். சாந்தினி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கால் கட்டைவிரல்களையும் சுற்றிப் பழுப்பாக ஒரு வரி இருந்தது. பிறவி மச்சம் என்றார் டாக்டர். நானும் நம்பிக்கொண்டேன். நம்பாமல் வேறு என்ன செய்ய?

ஒரு வயதை நெருங்கும் சாந்தினி நேற்று பாயைவிட்டு எழுந்து முதன்முதலாக நடந்தாள். ரூபினி ஆனந்தத்தில் அழுதாள். சுகுமாரன் கைப்பேசியில் படம் எடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

கால்களை ஒன்றாகச் சேர்த்தாள். பிறகு ஒன்றை மட்டும் இழுத்து வைத்தாள்.

ஓர் அடி.

இன்னோர் அடி.

நேரே என்னிடம்தான் வந்தாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். சாம்பிராணி வாசம் அடித்தது.

"மாமாகிட்டதான் போவேங்குது பாருங்க! தூக்குங்க மச்சான்," என்றான் சுகுமாரன்.

மயிரிழை பிசகாத என் கை, பாதி வழியில் அப்படியே நின்றது.