நேராக நின்ற பைசா கோபுரம்

தஞ்சைப் பெரிய கோயிலில் அப்படியொரு மழையைச் சித்ரகலா எதிர்பார்க்கவில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றவள், கூட்டம் கலைந்து ஓடியதைக் கவனிக்கவே இல்லை. கம்பெனி டூர் பஸ் கிளம்பிவிட்டால்... அடித்துப் பிடித்து ஓடினாள். நந்தி மண்டபத்தில் ஒதுங்கி நின்ற மஞ்சள் டீ-ஷர்ட் ஒன்றின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மகுடேஸ்வரண்ணா, பஸ்ஸு எங்கீங்க நிக்குது?"

திரும்பிய முகம் அவள் சூப்பர்வைசருடையது அல்ல. மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குக் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"அண்ணன்னு மட்டும் சொல்லாதீங்க," என்றான்.

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. ஆனாலும் விடவில்லை, எங்கள் கம்பெனி டீ-ஷர்ட் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். மார்பில் எகிப்து பிரமிடு, ரோமாபுரியின் கொலோசியம், நடுவில் இத்தாலியின் சாய்ந்த பைசா கோபுரம். என்ன, சாய வேண்டிய கோபுரம் கொடிக்கம்பம் போல நேராக நின்றது! வீரபாண்டி பனியன் கம்பெனியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்த அவள்தான் அந்த லாட் முழுவதையும் தப்பு என்று தள்ளியவள். பாதியைக் கம்பெனி தன் ஆட்களுக்கே கொடுத்துவிட்டு, மீதியைப் பிரிண்டிங் போட்ட, அதே ஊர் ராயபுரம் யூனிட்டின் தலையில் கட்டியது. இவன் அந்த யூனிட்காரன், லீவில் கோயில் பார்க்க வந்தவன். பெயர் தனுஷ், சங்கரன்கோவில் பக்கம்.

"சாஞ்ச கோபுரத்தை நிமித்தி அடிச்ச புத்திசாலி யாருங்க உங்க யூனிட்ல?"

அவன் சிரிப்பு நின்றது. "நான்தான்."

டிசைனில்தான் கோணலாகிவிட்டது என்று நினைத்து, நல்லது செய்வதாக அவனே நிமிர்த்தி வைத்தானாம். சித்ரகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறைத்திருக்கலாம், அது அவளுக்கு வராது. திருப்பி அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டாள்.

கோபம் வரும் என்று பார்த்தால், அவன் விமானத்தைக் கை காட்டினான். இத்தனை பாரத்தை நூல் பிடித்தாற்போல் நிறுத்திய நாட்டில் பிறந்தவனுக்கு, சாய்ந்த கோபுரத்தையும் உலகம் கொண்டாடும் என்று எப்படித் தெரியும் என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவனும்தான். மழை இன்னும் கொஞ்ச நேரம் பெய்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் அவன் சொன்னான். யூனிட்டில் நக்கல் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை ஊருக்கே போய்விடப் போகிறான். அவள் வாயைத் திறப்பதற்குள் மகுடேஸ்வரன் தேடி வந்துவிட்டார். போன் நம்பர்கூட வாங்கவில்லை...

ஞாயிறு முழுக்க சேவூர் வீட்டில் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. தள்ளியது தப்பா? இல்லை, நாளைக்கே வந்தாலும் தள்ளத்தான் செய்வாள். ஆனால் ஒரு பிழைக்காக ஓர் ஆள் ஊரை விட்டே போவதா? அதைவிட... அந்தக் கண்களை இனி பார்க்கவே முடியாதா? எனக்கு அவன் வேண்டும் என்று மனது பட்டென்று சொன்னது. அவள் அதோடு வாதாடவில்லை.

திங்கள் காலை வேலைக்குப் போகாமல் ராயபுரத்தில் இறங்கி, நாலு தெரு விசாரித்து யூனிட்டைக் கண்டுபிடித்தாள். தோளில் பையோடு அவன் வெளியே வந்துகொண்டிருந்தான்.

"போகாதீங்க."

ஒரு நொடி மலர்ந்த முகம் இறுகியது. "பரிதாபப்பட்டு வந்தீங்களாக்கும்? அது எனக்கு வேண்டாம்."

"பரிதாபம் பாக்கறவளா இருந்தா அந்தப் பீஸை அன்னைக்கே பாஸ் பண்ணியிருப்பேனுங்க. தப்புன்னா மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்றவ நானு..." அவள் கண்ணை எடுக்கவில்லை. "புடிச்சிருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. அவன் காதுகள் சிவந்தன.

"நான் தெக்கத்தி ஆளு," என்றான் மெதுவாக. "உங்க வீட்ல ஒத்துக்கிடுவாங்களா?"

"ஊட்டுல நான் சொல்லிக்கறேனுங்க. நீங்க பக்கத்துல வந்து நின்னாப் போதும்."

அவன் பையை இறக்கி, சாயக்கறை படிந்த படியில் வைத்தான்.

"நிக்கேன்," என்றான்.