டப்பாவில் இல்லாத முன்பல்

காலை 10:42 மணிக்குப் பெரிய டாக்டரின் கிளினிக்கில் ஒரு பல் காணாமல் போனது.

பிடுங்கிப் போட்ட பல்லாக இருந்திருந்தால் யாரும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இது அன்று காலைதான் லேபிலிருந்து வந்த முன்பல். ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கானில் கடைந்தெடுத்தது. நான்கு மாதங்களுக்கு முன் தாடை எலும்பில் பதித்த டைட்டானியம் திருகின் மேல் இன்று உட்கார வேண்டியது. அந்தத் தாடையின் சொந்தக்காரி இரண்டாம் அறையின் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மாலை ஆறு மணிக்கு அவள் தொலைக்காட்சியில் முதல்முறையாகச் செய்தி வாசிக்க வேண்டும். தற்காலிகப் பல்லையும் கழற்றியாயிற்று. வாயைத் திறந்தால் நடுவில் ஒரு ஜன்னல் தெரிந்தது.

நர்ஸ் பல் வந்த நீல டப்பாவை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். பஞ்சு இருந்தது, பல் இல்லை.

"சார்," என்றாள். காலி டப்பாவோடு முதல் அறை வாசலுக்குப் போனாள்.

பெரிய டாக்டர் அப்போது முதல் அறையில் இருந்தார். அங்கே ரூட் கனால் செய்துகொள்ளப் படுத்திருந்தவர் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் அம்மா. துப்பாக்கிக்குப் பயப்படாதவர், ஊசிக்குப் பயந்து மூன்று மாதம் பல்வலியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர். ஒரு மணி நேரமாக வாய்மேல் ரப்பர் திரையைக் கட்டி, இரண்டு பற்கள் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் அவசரமாகத் தற்காலிக அடைப்பு வைத்து, திரையைக் கழற்றிவிட்டு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து கண்ணாடியில் பார்த்தார். இடது உதடு மரத்துத் தொங்கியது. அதைவிட வேறொன்று அவரை உறுத்தியது. கூடத்துக்கு வந்து கேட்டார்.

"டாக்டர், ரெண்டு பல்லு மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். எச்சில் படாம காஞ்சிருக்கு. கொஞ்ச நேரம் ஊறினா பழைய நிறத்துக்கு வந்துடும். இப்ப எனக்கு வேற தலைவலி."

அந்தத் தலைவலி யார் மேல் இறங்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்தால் முன்னால் இருப்பது யாரென்று பார்க்க மாட்டார், கையில் கிடைத்தவரைப் பிடித்துக்கொள்வார்.

10:51. நர்ஸ்தான் கிடைத்தாள். "போன மாசம் திருகு ஒண்ணு எச்சில் உறிஞ்சற குழாய்க்குள்ள போச்சு. இப்ப பல்லே போச்சு. டப்பாவை நீதானே எடுத்த? எப்ப எடுத்த? கை தவறிச்சா? தரையில பாத்தியா? குழாயில பாத்தியா?"

"எல்லாத்துலயும் பாத்துட்டேன் சார். திறக்கும்போதே இல்ல."

"டப்பாவுல வந்த பல்லு நடந்தா போகும்? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

பதினொரு வருஷம் அங்கே வேலை பார்த்தவள் அவள். போன மாதம் திருகு தொலைந்ததையும் தானாகவே போய்ச் சொன்னவள். வரவேற்பு மேஜை ஓரமாக நின்று, கையுறையைக் கழற்றக்கூட மறந்து அழுதாள். மேஜை மேல் லேபுக்குப் போக வேண்டிய மூன்று நீல டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

பெரிய டாக்டரின் மாப்பிள்ளை, அதாவது சின்ன டாக்டர், சுவரில் மாட்டியிருந்த எக்ஸ்ரே படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஆறு மாதம், கிளினிக்கில் சேர்ந்து மூன்று மாதம்.

"யாரும் வெளிய போகாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். மரத்த உதட்டால் அது கொஞ்சம் குழைந்துதான் வந்தது. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. "என் பல்லைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க டாக்டர். இது முடியாம உங்க கை நடுக்கம் நிக்காது. நடுங்கற கையை நான் வாயில விட மாட்டேன். அதனால இதை நானே பாத்துக்கறேன்."

10:58. முதலில் செய்தி வாசிக்கும் பெண்.

"டப்பாவை யாரு முதல்ல திறந்தாங்க?"

"சின்ன டாக்டர். ஜன்னல் பக்கமா நின்னு திறந்தார். என்னைச் சிரிக்கச் சொன்னார்."

"பல்லை வெச்சுப் பாத்தாரா?"

"இல்ல. பக்கத்துல காட்டிப் பாத்தார். அப்புறம் மூடிட்டு, 'இதோ வந்துடறேன்'னு வெளிய போனார்."

"டப்பாவோடயா?"

"நான் கண்ணை மூடிட்டேன் மேடம். எனக்கு ஊசின்னா பயம்."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போனது.

11:03. சின்ன டாக்டர்.

"டப்பாவை எங்க வெச்சீங்க?"

"டிரேயில. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். கை கழுவப் போனேன்."

"திறந்தப்ப பல்லு இருந்ததா?"

"இருந்தது. நல்லா இருந்தது."

"மாப்பிள்ளையை ஏன் மேடம் கேக்கறீங்க?" என்று பெரிய டாக்டர் குறுக்கே வந்தார். "அவர் பொறுப்பானவர்."

"சரி, கேக்கல," என்றார் இன்ஸ்பெக்டர். நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"காலையில என்னென்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்கம்மா."

"ஒன்பதரைக்குக் கருவியெல்லாம் கொதிக்க வெச்சேன். நேத்து அளவெடுத்த ரெண்டு பேரோட அச்சை லேபுக்காக ஆளுக்கொரு டப்பாவுல கட்டி மேஜையில வெச்சேன். பதினொண்ணரைக்கு லேப் வண்டிக்காரர் வருவார். பத்து மணிக்கு இந்தப் பல்லு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி டிரேயில வெச்சேன். மறுபடி தொட்டது பத்து நாப்பத்திரண்டுக்குத்தான்."

"இந்தப் பல்லுக்கு நிறம் பாத்துக் குடுத்தது நீங்களா?"

"இல்ல மேடம், அன்னைக்கு நான் லீவு. நான் இருந்தா, ஆள் வந்து உக்காந்ததும் முதல் வேலையே அதுதான். சார் அப்படித்தான் பழக்கியிருக்கார்."

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தார். போன வாரத்துப் பதிவு, சின்ன டாக்டரின் கையெழுத்து. திருகு பதித்த இடத்துக்குப் பக்கத்துப் பல்லில் ரூட் கனால். ரப்பர் திரை கட்டியது 3:50. கழற்றியது 5:05. புதுப் பல்லுக்கு நிறம் பார்த்தது 5:10.

அட்டையை மூடிவிட்டு மறுபடி கண்ணாடி முன் போய் நின்றார். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்த இரண்டு பற்களும் கொஞ்சம் மங்க ஆரம்பித்திருந்தன. மரத்த உதட்டோடு முடிந்த அளவு சிரித்தார்.

11:24. எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்.

"பல்லைத் திருடி யாரு என்ன பண்ணப்போறாங்க? அடுத்தவங்க வாய்க்கு அது பொருந்தாது. அப்போ எடுத்தவருக்குப் பல்லு வேணாம், அது இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏன் இருக்கக் கூடாது? நிறம் தப்பு."

"நிறமா? லேப்காரன் அப்படித் தப்புப் பண்ண மாட்டானே," என்றார் பெரிய டாக்டர்.

"அவர் பண்ணல. எழுதிக் குடுத்த நிறத்தைத்தான் செஞ்சார். ஆனா ஒண்ணேகால் மணி நேரம் திரைக்கு வெளிய காஞ்ச பல்லுக்குப் பக்கத்துல நிறம் பாத்தா என்ன ஆகும்? என் வாயைப் பாருங்க, தெரியும். காஞ்ச வெள்ளைக்குப் பொருத்தமா ஒரு பல்லு வந்திருக்கு. இன்னைக்கு இவங்க வாயில எல்லாம் ஈரமா, இயல்பா இருக்கு. ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்துல காட்டினதுமே பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். புதுப் பல்லு வந்தா வெச்சுப் பாக்காம மூடற டாக்டரை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்."

சின்ன டாக்டர் எக்ஸ்ரே படத்தை விட்டுத் தரையைப் பார்த்தார்.

"நர்ஸம்மா லேபுக்குக் கட்டினது ரெண்டு டப்பா. மேஜையில மூணு இருக்கு. தூக்கிப் போடறவர் டப்பாவுல பத்திரமா வைக்க மாட்டார். சரி பண்ணித் திருப்பிக் கொண்டுவரணும்னு நினைக்கறவர்தான் வைப்பார்."

பெரிய டாக்டர் மூன்றாவது டப்பாவைத் திறந்தார். பஞ்சு நடுவில் முன்பல் கிடந்தது. கூடவே ஒரு சீட்டு: 'அவசரம். வெளுப்பை இரண்டு படி குறைக்கவும். மதியத்துக்குள் என்னிடம் மட்டும் தரவும்.'

"மாமா," என்றார் சின்ன டாக்டர். "நிறத்தை முதல்ல பாருங்கன்னு மூணு தடவை சொன்னீங்க. அன்னைக்கு மறந்துட்டேன். கடைசியில ஞாபகம் வந்து எழுதினேன். உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னு பயந்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அஞ்சு நிமிஷத்துல நீங்க அக்காவை வேலையை விட்டே அனுப்புவீங்கன்னு நினைக்கல. அப்பவே வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. தப்புதான்."

வாசலில் லேப் வண்டி வந்து நின்றது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுக் கையுறை போட்டாள். செய்தி வாசிக்கும் பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து, பற்களை நாக்கால் நனைக்கச் சொல்லி, நிறப் பட்டையை விசிறி போல விரித்துப் பக்கத்தில் பிடித்தாள். அரை நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"வெளுப்பா இருக்கறதுக்குச் சாயம் ஏத்தி ஒரு தடவை சூளையில வெச்சா போதும். மூணு மணிக்கு வந்துடும். ஆறு மணிக்கு நீங்க தாராளமா சிரிக்கலாம்மா."

"செய்தியில சிரிக்க விட மாட்டாங்க," என்றாள் அந்தப் பெண், கையால் வாயை மூடிச் சிரித்தபடி.

11:40. பெரிய டாக்டர் நர்ஸை உள்ளறைக்குக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் வழியை மறித்தார்.

"திட்டினது எங்க டாக்டர்?"

"கூடத்துல."

"அப்போ இதையும் கூடத்துலயே சொல்லுங்க."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். முப்பது வருஷமாக அந்தக் கூடத்தில் அவர் சொல்லாத வார்த்தை அது. "மன்னிச்சிடும்மா," என்றார். "நீ எங்கயும் போக வேண்டாம்."

"நான் போகல சார்," என்றாள் நர்ஸ். அழுகை அடங்கி, குரல் நிதானமாக இருந்தது. "ஆனா என்னை அஞ்சு கேள்வி கேட்டீங்க. சின்ன டாக்டரை ஒரு கேள்வி கூடக் கேக்கல. அதுதான் சார் எனக்கு வலிச்சது. வேலை போனது கூட இல்ல."

மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"இனிமே எது தொலைஞ்சாலும் முதல்ல என்னைக் கேளுங்க மாமா," என்றார். "அக்கா, நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடறேன். நிறம் பாக்கறது எப்படின்னு சொல்லிக் குடுங்க."

"ஒன்பதரைக்கு வாங்க," என்றாள் நர்ஸ். "கருவியெல்லாம் கொதிக்க வைக்கறதுலேருந்து ஆரம்பிப்போம்."