குழித்தறி அறை

தறியில் பூட்டியிருந்த பாவு நூல் ஈரமாக இருந்தது. அலிமா விரலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். காலையில் போட்ட கஞ்சி. நேற்றையதாக இருந்தால் புளித்திருக்கும்.

“இதுல யாரு நெய்யுதா?” என்று கேட்டாள்.

“யாருமில்லம்மா,” என்றார் காட்சிச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் ஏசுவடியான். “விஷக்காய்ச்சல் வந்த வருசம் ஒரு வீட்டுலேருந்து கொண்டாந்தது. பதினெட்டு வருசமா இப்பிடியேதான் கெடக்கு. அந்த வீட்டுல சின்னதுலேருந்து பெரிசு வரைக்கும் ஒருத்தரும் பொழைக்கல.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடத்து ஆடி மாதம் அது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்க விடாததால், அவளும் கணவன் சேக் தாவூதும் குற்றாலத்தில் இந்தப் பழைய பங்களாவுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். ஊர் மக்கள் புழங்கிய பல்லக்கு, பனையேறிகளின் ஏணி, நாவிதர் பெட்டி என்று அறை அறையாக வைத்திருந்தார்கள். தாவூது எதிலும் நிற்கவில்லை. இங்கே மட்டும் நின்றான். இருமல் முற்றி, இனித் தறிக்குழியில் இறங்கினால் உயிர் தங்காது என்று வைத்தியர் சொன்ன பிறகு தறியை விட்டவன். இப்போது தென்காசியில் துணி விற்கிறான். தறியை அவன் தொடவில்லை. குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மச்சான்,” என்று சொல்லிவிட்டு அலிமா ஏசுவடியானோடு அடுத்த வாசலுக்குள் போனாள்.

அது கண்ணாடிக் கூரை போட்ட தோட்டம். கூரையெங்கும் சாரல் சன்னமாக இரைய, பெரணிச் செடிகளும் பெயர் தெரியாத மலைப்பூக்களும் அடைத்து நின்ற அந்த வெதுவெதுப்பில் அழுகிய இலைகளின் வாடையும் ஈர மண்ணின் வாடையும் மூச்சை முட்டின. தொட்டிகளில் நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே மரம் மரத்தில் இடிக்கும் ஓசையொன்று மெல்ல எழுந்து சீராகியது.

டக். டக்.

அவள் திரும்பினாள். பின்னால் தாவூது இல்லை.

ஏசுவடியானின் கையிலிருந்த பூவாளி சாய்ந்து, தண்ணீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அங்கன போவாதீங்கம்மா.”

போனாள். பயம் வரவில்லை. கால்கள் நடந்தன. அவ்வளவுதான்.

தாவூது குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஊடுநூலை ஓட்டும் நாடா இங்குமங்கும் பறந்தது. அவ்வளவு வேகமாக அவன் நெய்து அவள் பார்த்ததில்லை.

“எந்திரிங்க மச்சான்.”

அவன் திரும்பவில்லை.

“எந்திரிக்கத்தான் பாக்குதேன் அலிமா. விட மாட்டேங்காவ.”

தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவன் தோள் தன் கையில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. விரல்கள் மரத்துவிட்டன. குனிந்தாள். குழிக்குள் பார்த்தாள்.

மிதிக்கட்டையில் அவன் பாதங்கள். அவற்றின் மேல் வேறு பாதங்கள். அவற்றின் மேல் இன்னும். பெரியவை. சிறியவை. வெளிறியவை. அடுக்கடுக்காக, எல்லாம் சேர்ந்து மிதித்தன.