முட்டுக்கல்

கல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் கோளாறு அதுதான்.

தேவ்நார் ஏற்றத்தில் உப்பு மூட்டைகளோடு லாரி மக்கர் செய்ய, உச்சிவெயிலில் கியரில் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல் வேண்டுமே என்று வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே சொரிமுத்து இறங்கினால், சக்கரத்துக்குப் பின்னால், வைக்கவேண்டிய இடத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளைக்குப் போட்டுவைத்த பலகை மாதிரி.

"சேட்டு நாசமாப் போவான்!" என்று அதற்கும் லாரி முதலாளியையே திட்டினான். கை பிரேக் பிடிக்கவில்லை என்று ஆறு மாதமாகச் சொல்கிறான். சேட்டு பான் மென்றபடி, "சலேகா, ஓடும் போ" என்பான். ரிப்பேரா? ரோட்டிலேயே பார்த்துக்கொள். டிரைவருக்குக் கை எதற்கு இருக்கிறது? இருந்த பத்து விரலில் ஒன்றை ஜாக்கி தின்றாயிற்று.

அடியில் ஊர்ந்துபோய், இன்ஜினையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் தண்டைக் கழற்றினான். இனி கியர் பிடிக்காது. லாரியைப் பிடித்திருப்பது கல் ஒன்றுதான். குப்பைமேட்டுப் புகை, காய்ந்த தாரின் வாடை, கழுத்தில் சொட்டுச் சொட்டாய் கிரீஸ். தண்டு முழுப் பாரத்தோடு நெஞ்சில் இறங்கியது. தலையைத் திருப்பியபோதுதான் கல்லின் இந்தப் பக்கம் தெரிந்தது. கறுப்பாக ஒரு கிரீஸ் கை அச்சு. நாலு விரல்.

அவன் கை.

மூன்று வாரத்துக்கு முன் இதே ஏற்றத்தில் வைத்துவிட்டு, எடுத்துப் போடாமல் அவன் விட்டுப்போன கல். எந்த டிரைவர்தான் எடுத்துப் போடுகிறான்? விடிகாலையில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த ஊர்க்காரன் வெயிலுமுத்து அதில் மோதி விழுந்தான். பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை. தாராவியில் எழவு வீட்டில், "எந்தச் சண்டாளன் போட்ட கல்லுலே அது!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் சொரிமுத்துதான்.

"நீங்க ரோட்டுலயே கெடக்கிற ஆளு அண்ணாச்சி. யாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் செத்தவன் பெண்டாட்டி பூமாரி.

தலையாட்டினான். சொல்லவில்லை.

'அவன் கண்ணைத் தொறந்து ஓட்டியிருக்கணும்லா?' லாரிக்கடியில் கிடந்தபடி பல்லைக் கடித்தான். எல்லார் மேலும் ஆத்திரம். ரோட்டின் மேல். சேட்டின் மேல். செத்தவன் மேலும்.

சைக்கிள் மணி. ஒரே தடவை.

லாரியை ஒட்டி ஒரு சக்கரம் வந்து நின்றது. நசுங்கிய சக்கரம்.

"வேல முடிஞ்சுதா அண்ணாச்சி?"

மரியாதையான குரல். தெரிந்த குரல்.

"கல்லத் தொடாதலே!" கோபமாகத்தான் கத்தினான். பயப்பட அவனுக்கு வேறு விதம் தெரியாது.

"ரோட்டுல கெடந்தா யாராச்சும் விழுந்துருவாவல்லா."

தண்டைத் தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான்.

கல் புரண்டது. பொறுமையாக, ரோட்டோரம் பார்த்து. கறுப்புக் கை மேலே வந்தது. கீழே போனது. மேலே வந்தது. ரயிலேறிப் போகிறவன் கையாட்டுவதுபோல.

கல் இருந்த இடத்தில் வெறும் தார்.

அதன்மேல், சத்தமே இல்லாமல், லாரியின் பின்சக்கரம் உருளத் தொடங்கியது.