விடுபட்டவற்றின் பட்டியல்

பொற்கொடிக்கு முன்னால் வரிசையில் நின்ற மூன்று பேரும் அழிக்கப்பட்டுவிட்டார்கள். வரிசை வேகமாக நகர்வதில் அவளுக்குத் திருப்திதான். காலை உணவுக்கு முன்பே வேலை முடிந்துவிடும் போலிருந்தது.

செவ்வாய்க்கு உடலோடு போகிற வழக்கம் ஒழிந்து நூறாண்டு ஆகிவிட்டது. ஆளஞ்சல் நிலையத்தில் மூளை முழுவதும் ஒரு கோப்பாகப் படியெடுக்கப்படும். அந்தக் கோப்பு செவ்வாயில் வார்த்து வைத்திருக்கும் புது உடலில் ஏற்றப்படும். அங்கே கண் விழிப்பதற்குச் சற்று முன்பாக, இங்கே இருப்பவர் நீக்கப்படுவார். இதைக் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தால்தான் தொல்லை.

அனுப்புநர் எபனேசர் கட்டளையைத் தட்டத் தொடங்கினார். விசைப்பலகைக்கு மேலே, ஓரம் பழுத்த அட்டை ஒன்று ஒட்டியிருந்தது: “அனுப்பு -மு -தொ -நீ -ம”. அவருக்கு முன் இருந்தவர் ஒட்டிவிட்டுப் போனது.

“அது என்ன தம்பி எழுத்தெல்லாம்?” என்று கேட்டாள் பொற்கொடி. நாற்பது வருடம் மருந்தாளுநராக இருந்தவள். சீட்டில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கேட்காமல் விடமாட்டாள்.

“மு-ன்னா முழுசா அனுப்புறது. தொ-ன்னா நடுவுல அறுந்தா விட்ட இடத்துலேருந்து தொடருறது. நீ-ன்னா, சேர்ந்ததும் உங்களை இங்க நீக்குறதும்மா.”

“கடைசி எழுத்து?”

எபனேசர் அட்டையைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக அவர் அதைத் தட்டி வருகிறார். “மங்களமா இருக்கட்டும்னு போட்டிருப்பாங்க.”

“என் மகளுக்குப் பிரசவம் தம்பி. மாப்பிள்ளைக்குச் சுரங்கத்துல வேலை, லீவு இல்லை. நான் ஒழுங்கா போய்ச் சேரணும். அர்த்தம் தெரியாம ஒரு எழுத்தைப் போட்டு என்னை அனுப்பாதீங்க. என் கடுகு அங்க தனியா கிடக்கா.”

“கடுகா?”

“அவ பேரு நிறைமதி. பிறந்தப்போ அவ்வளவு சின்னதா இருந்தா. இங்கேருந்துதான் ஆறு வருஷம் முன்னாடி அனுப்பினீங்க. போனதுலேருந்து கொழுப்பு ஏறிப்போச்சு. லெட்டர்ல கடுகுன்னு எழுதினா, ‘யாரும்மா அது’ன்னு என்னையே கிண்டல் பண்றா.”

வேறு வழியில்லாமல் எபனேசர் கையேட்டைத் திறந்தார். நாலாயிரம் பக்கம். இதுவரை திறந்தவர்கள் பூஜ்யம் என்று திரையின் ஓரத்தில் இருந்தது. தேடிப் பிடித்து வாய்விட்டுப் படித்தார்: “ம என்றால் மௌனம். பிழைகளைத் தெரிவிக்காதே.”

பொற்கொடி அட்டையின் கடைசி எழுத்தை விரலால் மறைத்தாள்.

“எடுத்துடுங்க” என்றாள் பொற்கொடி.

ம இல்லாமல் கட்டளை ஓடியது. கோப்பு போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்த முறை இயந்திரம் அவளை நீக்காமல், அந்த அட்டை ஒட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தது. விடுபட்டவை ஆயிரத்து நூற்று நாற்பது. ஒவ்வொன்றாகக் கேட்டது: மீண்டும் அனுப்பவா? ஒன்றுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும்.

எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம், பாதி. வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டு நாயின் குரைப்பு. வேண்டாம். ரசத்துக்கு இறக்கும் பதம். அதை வேண்டும் என்றாள், கால் மணி நேரம் போனது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அறுபதாவது வரிக்கு வருவதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. அவள் மணிக்கட்டில் செய்தி மின்னியது. மகள்தான். வலி எடுத்துவிட்டது, பக்கத்துக் கட்டிலில் உன் உடம்பு அப்படியே கிடக்கிறது, எப்போது எழுந்திருப்பாய், பயமாக இருக்கிறது.

“இப்படி எல்லாருக்குமா விட்டுப்போகும்?”

“தெரியலைம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

அது உண்மைதான். இல்லாமல் போனதே தெரியாதபோது குறை சொல்ல யார் வருவார்கள்? பொற்கொடிக்கும் அது உறைத்தது. பட்டியலை ஒரு தடவை கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். அறுநூற்றுப் பதினாலாவது வரியில் ஒரே ஒரு சொல் இருந்தது. அவ்வளவு வேகத்தில் அது கண்ணில் படவில்லை.

“அந்த எழுத்தைப் போட்டுடுங்க தம்பி.”

எபனேசர் போட்டார். பட்டியல் மறைந்தது. பிழை எதுவும் இல்லை என்றது திரை. அதைப் பார்த்ததும் பொற்கொடிக்கு மனம் லேசானது. கண்ணை மூடிக்கொண்டாள், நீக்கப்பட்டாள்.

செவ்வாயில் விழித்த அரை மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற குழந்தை. மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பொற்கொடிக்கு அழுகை வந்தது, வந்து சேர்ந்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில்.

“ஏம்மா, கேக்கணும்னே இருந்தேன்” என்றாள் நிறைமதி. “லெட்டர்ல எல்லாம் கடுகு, கடுகுன்னு எழுதுவியே. யாரும்மா அது?”

பொற்கொடி யோசித்தாள். “தெரியலையேடி. தாளிச்சுக்கிட்டே எழுதியிருப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள். அதற்குள் தாதி இயந்திரம் பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டியது: பயணத்தில் ஏதேனும் குறை உண்டா? பொற்கொடி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், அனைத்தையும் படித்தேன், குறை இல்லை என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.