சொக்கு பிசைந்த சோறு

சொக்குவின் தட்டைப் பார்த்தால் அவன் சாப்பிடுகிறானா, வீடு கட்டுகிறானா என்றே தெரியாது. நடுவில் சோறு குவிந்திருக்கும். அதைச் சுற்றி வெண்டைக்காய், கேரட், அவரைக்காய் எல்லாம் காம்பவுண்டுச் சுவர் மாதிரி வரிசையாக நிற்கும். சுவர் முடிந்ததும் சொக்கு எழுந்துவிடுவான்.

"இன்னும் ஒரு வாய்டா" என்பார் அப்பா. அவர் கையில் வேன் சாவி இருக்கும். உட்காரவே மாட்டார். பிள்ளையார்பட்டிக்கு வரும் பக்தர்களைக் குன்றக்குடிக்கும் காரைக்குடிக்கும் ஏற்றிச் செல்வதுதான் அவர் வேலை. சாயங்காலம் இரண்டு சவாரிகளுக்கு நடுவே ஓடி வந்து, காலையில் வைத்த குழம்பைச் சூடு பண்ணி, சொக்குவுக்குத் தட்டில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி நிற்பார்.

தட்டுக்கு எதிரே ஒரு செம்பு. செம்பில் சாய்ந்தபடி அப்பாவின் செல்ஃபோன். அதில் பூனையும் நாயும் ஓடிக்கொண்டிருக்கும். சொக்கு வாயைத் திறப்பான், சோறு உள்ளே போகும். ஆனால் மென்றால்தானே? கன்னத்தில் அடக்கிக்கொண்டு பூனையைப் பார்ப்பான்.

அவன் அக்கா சௌபர்ணிகா அந்த நேரத்தில் உள்ளறையில் இருப்பாள். ஆறாம் வகுப்பு. ஒரு கையில் சமூக அறிவியல் புத்தகம், மறு கையில் தட்டு. என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

போன சித்திரை வரைக்கும் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் அப்படி இல்லை.

அப்போது அம்மா சுபலட்சுமி காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். சாயங்காலம் வந்து குளித்ததும் உலை வைப்பார். சமையல் முடிந்ததும் பெரிய எவர்சில்வர் பேசினை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைப்பார். சோற்றைக் கொட்டி, வெண்டைக்காய் மண்டியை ஊற்றிப் பிசைவார். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் அந்த மண்டி கொதிக்கும்போதே தெருவுக்கே வாசம் வரும். சுற்றி மூன்று கைகள் நீளும். அப்பாவின் கையும்தான். அம்மா உப்புப் பார்த்துவிட்டு உருட்டி உருட்டி வைப்பார்.

உருட்டும்போதே அன்றைக்கு நடந்ததைச் சொல்வார். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட போலீஸ்காரர் கதையை எத்தனை தரம் கேட்டாலும் சொக்கு புரண்டு புரண்டு சிரிப்பான். சிரிப்புக்கு நடுவே வெண்டைக்காயும் உள்ளே போகும், கீரையும் போகும். யாரும் கவனித்ததில்லை.

பிறகு அம்மாவுக்கு அரசு வேலை கிடைத்தது. இடம்தான் கோத்தகிரி. மலை ஊர், ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டும். மாறுதல் கேட்க இன்னும் நாளாகும். மாதத்துக்கு ஒரு தரம் லீவு கிடைத்தால் வருவார்.

ஒரு நாள் அப்பா முற்றத்தில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த சௌபர்ணிகாவுக்கு அம்மாவின் குரல் நன்றாகவே கேட்டது.

"போட்டோவுல பாத்தேங்க. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. என்னதான் திங்கிறான்?"

"பிஸ்கெட்டுத்தான்" என்றார் அப்பா.

அம்மா சொன்னார்: "இந்த மாசத்தோட எழுதிக் கொடுத்துட்டு வந்துர்றேன். புள்ளையப் பட்டினி போட்டு எனக்கு எந்த வேலையும் வேணாம்."

சௌபர்ணிகாவின் கை துணியோடு நின்றது. அம்மா வருகிறார். வந்தால் போகவே மாட்டார். மறுபடியும் பேசின், மறுபடியும் கதை. மடித்த துணியை முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சொக்கு தட்டைத் தள்ளிவிட்டபோது, "சரி, போ" என்று மட்டும் சொன்னாள். சாப்பிடு என்று சொல்லவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டால் அம்மா வராமல் இருந்துவிடுவாரே.

அவன் எழுந்து ஓடினான். ஓடும்போது கால்சட்டை நழுவியது. இடுப்பில் ஏற்கெனவே ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அதையும் மீறி நழுவியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான்.

சௌபர்ணிகா அந்த ஊக்கையே பார்த்தாள்.

அம்மாவின் பழைய நாள்களும் நினைவுக்கு வந்தன. இட்லி வேகும் நேரத்தில்கூட அம்மா அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தது. முதல் தரம் அரசு வேலைத் தேர்வு எழுதிக் கிடைக்காமல் போனபோது, ஒன்றும் பேசாமல் அதே புத்தகத்துக்குப் புது அட்டை போட்டது. அரசு மருத்துவமனைச் சீருடையை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று, கண்ணாடி முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது.

அந்த அம்மா வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாரே என்று இப்போது தோன்றியது. அன்றைக்கு அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்திலேயே அவள் பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை வந்தது. சொக்குவின் தொடக்கப்பள்ளிக்கு விடுமுறை இல்லை. அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அங்கே பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமைக்கும் சின்னத்தாயி அக்கா காய்கறி போட்ட ரவா கிச்சடியையும் சாம்பாரையும் வாளியில் தூக்கி வந்தார்.

சொக்கு ஓடிப்போய் நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்தான்.

சௌபர்ணிகா தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவன் கிச்சடியில் இருந்த கேரட்டைத் தின்றான். பீன்ஸைத் தின்றான். பக்கத்துப் பையனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைங்கக்கா" என்றான்.

அவளால் நம்பமுடியவில்லை. "அக்கா, இவன் தினமும் இப்படியா சாப்பிடுறான்?"

"சொக்குவா?" என்றார் சின்னத்தாயி. "அவன் தட்டக் கழுவுற வேலையே இல்ல தாயி. அம்புட்டையும் வழிச்சுத் தின்னுருவான். ஏன், வீட்டுல சாப்பிட மாட்டானா?"

மணி அடிப்பதற்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இங்க மட்டும் எப்படிடா கேரட்டு உள்ள போகுது?"

சொக்கு யோசித்தான். இதுவரை அவனும் அதைப் பற்றி நினைத்ததில்லை போலிருக்கிறது.

"இங்க எல்லாரும் சாப்பிடுறாக" என்றான். "நம்ம வீட்டுல நான் மட்டும் சாப்பிடணும். நீங்க எல்லாம் பாப்பீக."

சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டான்.

மதியம் அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது சௌபர்ணிகா பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, நீங்க எப்பச் சாப்பிடுறீக?"

"நானா? சவாரி முடிஞ்சு வந்து ஏதாச்சும் சாப்பிடுவேன். ஏன்த்தா?"

"இன்னைக்கு எங்களோட உக்காந்து சாப்பிடுறீகளா?"

"அந்த நேரத்துலதான் கோயில்ல இருந்து ஆளுக வெளிய வருவாக. விட்டா அடுத்த வண்டி ஏத்திக்கிட்டுப் போயிரும்."

"அரை மணி நேரம்தான்ப்பா. போயிட்டுப் போறாக."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாளியில் இருந்த மீதித் தண்ணீரை டயரில் ஊற்றினார். "சரி. என்ன கொழம்பு வைக்கட்டும்?"

"வெண்டைக்காய் மண்டி."

அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அப்பா ஓரளவு சமைக்கப் பழகியிருந்தார். சௌபர்ணிகா வெண்டைக்காயைத் துடைத்துக் கொடுத்தாள். செல்ஃபோனை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பேசினை எடுத்து நடுக்கூடத்தில் வைத்து, அம்மா உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். சோற்றில் மண்டியை ஊற்றிப் பிசைந்தாள்.

அப்பா கையை நீட்டினார். சொக்குவும் நீட்டினான். முதல் உருண்டையை அவன் கையில் வைத்தாள்.

சொக்கு வாயில் போட்டான். மென்றான். மெல்ல மெல்ல உதடு கோணியது.

"இது அம்மா கையி இல்ல" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

அப்பா வெறுங்கையை நீட்டியபடியே இருந்தார். சௌபர்ணிகாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அம்மா மாதிரியே உட்கார்ந்தால் போதும், அம்மா மாதிரியே பிசைந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். அது அம்மா இல்லை என்பதைத்தான் அது இன்னும் பெரிதாகக் காட்டிவிட்டது.

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். எழுந்து சொக்குவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பேசினை அவன் முன்னால் தள்ளினாள்.

"எனக்கும் சரியா வரலடா. நீ பிசைஞ்சு எங்களுக்குக் கொடு."

அழுகை பாதியில் நின்றது. "நானா?"

"நீதான். போய்க் கையையும் மூக்கையும் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். இரண்டு கையையும் பேசினுக்குள் விட்டான். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று உருட்டி அப்பாவின் கையில் வைத்தான்.

அப்பா அதை உற்றுப் பார்த்தார். "இது எறும்புக்கா, எனக்கா?"

சொக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது பெரிதாக வந்தது. அப்பா விழுங்கிவிட்டுச் சொன்னார்: "காய் எங்கடா? வெறுஞ்சோறால்ல இருக்கு."

சொக்கு ஒரு வெண்டைக்காயைத் தேடி எடுத்து நடுவில் வைத்து மூடினான். அக்காவும் கையை நீட்டினாள்.

"உப்பு இருக்கான்னு பாத்துட்டுக் கொடுடா. பாக்காமக் கொடுத்தா எப்படி?"

அது நியாயம்தான் என்று சொக்குவுக்குப் பட்டது. ஒரு வாய் தின்று பார்த்தான். "இருக்கு" என்று அவளுக்குக் கொடுத்தான். அப்பாவுக்குக் கொடுக்கும் முன்னும் பார்த்தான். அதற்குள் மறந்துபோனது போல இன்னொரு தரமும் பார்த்தான். நடுவே, பள்ளியில் ஒருவன் செருப்பை ஆடு கடித்துக்கொண்டு போனதையும் வகுப்பே ஆட்டைத் துரத்தியதையும் சொல்ல ஆரம்பித்தான். ஆடு எந்தப் பக்கம் ஓடியது என்று அப்பா கேட்டார். "அங்குட்டு" என்று கை காட்டியதில் சோறு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அலமாரிக்குள் செல்ஃபோன் அடித்து ஓய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கதை முடிந்தபோது பேசினும் காலியாகியிருந்தது.

எல்லா நாளும் அப்படியே நடந்துவிடவில்லை. ஒரு நாள் அப்பாவால் வரமுடியவில்லை. பாகற்காய் வைத்த அன்று சொக்கு மாட்டேன் என்றான். "எனக்கும் புடிக்காதுடா" என்று அப்பாவே ஒத்துக்கொண்டார். சௌபர்ணிகா மட்டும் வீம்புக்குத் தின்றாள். ஆனால் சொக்கு இப்போது பள்ளிவிட்டு வந்ததுமே, "இன்னைக்கு என்ன காய்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தான். வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு கொடுக்கவேண்டிய பொறுப்பு அவனுக்கு. முருங்கைக்கீரையை உருவும்போது கூடவே உட்கார்ந்து உருவினான். பாதி அவன் தலையில் இருந்தது.

மாதக் கடைசி நெருங்கியதும் சௌபர்ணிகா அம்மாவிடம் தானே பேசினாள்.

"அம்மா, வேலைய விட்டுறாத."

"யாருடி உனக்குச் சொன்னா?"

"நானே கேட்டேன். சொக்கு இப்பச் சாப்பிடுறான்மா. எங்களுக்கும் அவன்தான் பிசைஞ்சு கொடுக்குறான். அப்பாகிட்ட வேணும்னா கேளு." ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள். "எனக்கு நீ இங்க இருக்கணும்தான். தினமும் நெனச்சுக்குவேன். ஆனா லீவுல வா. விட்டுட்டு வர வேணாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரித்தா, லீவுலயே வர்றேன்" என்றார் அம்மா.

லீவில் அம்மா வந்து இறங்கிய அன்று சொக்கு அவரைச் சமையல்கட்டுப் பக்கமே விடவில்லை. கூடத்தில் உட்காரவைத்தான். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து, உப்புப் பார்த்து, உருட்டி அம்மாவின் கையில் வைத்தான். அம்மா அவசர அவசரமாகத் தின்றார். கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்.

"மெதுவா சாப்பிடும்மா" என்றாள் சௌபர்ணிகா. அப்போதுதான் கவனித்தாள், அம்மாவின் கையில் வளையல் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போனது.

சொக்குவும் அதைப் பார்த்தான். "அங்க நீ யாரு கூடச் சாப்பிடுவ?"

"தனியாத்தான்டா. எனக்கு ஒருத்திக்குன்னு என்னத்த ஆக்குறது? பல நாளு பன்னும் டீயும்தான்."

அப்பா தலையை நிமிர்த்தினார். சொக்கு கையில் இருந்த உருண்டையைப் பேசினிலேயே வைத்தான்.

"பக்கத்து ரூம்புல யாரும் இல்லையா?"

"பெல்சின்னு ஒரு நர்சு இருக்கா. அவளும் தனியாத்தான் சாப்பிடுறா."

"அப்ப அவுகளக் கூப்பிட்டு உக்கார வையி. நீ பிசைஞ்சு கொடு. நீயும் சாப்பிடு."

"சரிங்க சார்" என்றார் அம்மா. சொக்கு சிரிக்கவில்லை. அவனுக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

அம்மா கோத்தகிரிக்குத் திரும்பிப் போன சில நாளில் ஃபோன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சொக்கு, இன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஆக்கிச் சாப்பிட்டோம்டா. இங்க பீட்ரூட்டு அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா இந்த பெல்சி அதத் தொடவே மாட்டேங்குறா."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

சொக்கு ஃபோனுக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"ஃபோன அவுககிட்டக் குடும்மா. நான் பேசிக்கிறேன்."